ஷெரிஃப்தான் கொரோனர் என்கிறார்கள், அப்படியானால் மெடிக்கல் எக்ஸாமினரை நியமிப்பது யார்?

செங்காந்தள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் ஒரு நடுத்தர அளவுக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறோம், பெயர் வேண்டாம். போன வருடம் செப்டம்பரில் என் அத்தான், அக்காவின் கணவர், இரவு படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. 41 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது, எந்த டாக்டரிடமும் தொடர்ந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை, அதனால் போலீஸ் வந்து உடலை எடுத்துப்போனார்கள், போஸ்ட்மார்ட்டம் நடந்தது. மரணச் சான்றிதழில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'நிலுவையில்' என்று போட்டுக் கொடுத்தார்கள். நான்கு மாதம் அது அப்படியே கிடந்தது. இறுதிச் சான்றிதழ் வராமல் இன்ஷூரன்ஸ் பணம் நகரவில்லை, அக்கா வாரம் ஒரு முறை போன் செய்வாள், ஒவ்வொரு முறையும் வேறு யாராவது எடுத்து முதலிலிருந்து பெயர், பிறந்த தேதி கேட்பார்கள்.

கடைசியில் வந்த தாளில் மரண விதம் 'தீர்மானிக்க இயலவில்லை' என்று இருந்தது. சரி, அறுத்துப் பார்த்த டாக்டரிடமே நேரில் கேட்கலாம் என்றால், அவர் ஒப்பந்தத்தில் வந்து போகிறவர், முடிவில் கையெழுத்து கொரோனருடையது, அதாவது இப்படிப்பட்ட மரணங்களை விசாரித்து முடிவு எழுதும் கவுண்டி அதிகாரியுடையது, எங்கள் கவுண்டியில் கொரோனர் என்பவர் ஷெரிஃப்தான் என்றார்கள். ஓட்டு வாங்கி ஜெயித்த ஒரு போலீஸ் அதிகாரி, என் அத்தான் எப்படி இறந்தார் என்பதற்குக் கையெழுத்துப் போடுகிறார். அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இப்போது எங்கள் போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ், அதாவது கவுண்டியை நிர்வகிக்கும் குழுவின் கூட்டத்தில், ஷெரிஃபிடமிருந்து இதைப் பிரித்து, நியமிக்கப்பட்ட ஒரு டாக்டர் அந்த வேலையைச் செய்யும்படி தனி மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகம் வைப்பது பற்றி எடுக்கப் போகிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் பார்த்தேன். நானும் அக்காவும் போய்ப் பேசலாம் என்று இருக்கிறோம். நான் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: அந்த டாக்டரை யார் தேர்ந்தெடுப்பார்கள், எப்படி? அதில் எங்களைப் போன்றவர்கள் பேசுவதற்கு இடம் இருக்கிறதா? வேறு மாநிலங்களில் எப்படி என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு எழுதியது:

தங்கச்சி, முதலில் அக்காவுக்கு என் வருத்தத்தைச் சொல்லுங்கள். நான் கலிபோர்னியாவில் வேறொரு கவுண்டியில், போர்டு கூட்டங்களின் நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் அலுவலகத்தில் நிறைய வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள். பெரும்பாலானவற்றில் உங்கள் ஊர் மாதிரிதான், ஷெரிஃப், கொரோனர் இரண்டு பதவியும் ஒரே ஆளிடம். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. கவுண்டி போர்டு நினைத்தால் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றி, அதாவது ஆர்டினன்ஸ், கொரோனர் பதவியை எடுத்துவிட்டு அதற்குப் பதில் மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகம் வைக்கலாம். அரசாங்கச் சட்டத் தொகுப்பில் 24010 என்ற பிரிவு, கூட்டத்துக்குப் போகும்போது அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்படி மெடிக்கல் எக்ஸாமினரை நியமிப்பது போர்டு. அவர் உரிமம் பெற்ற மருத்துவராகவும் பேத்தாலஜியில், அதாவது உடல் திசுக்களைப் பரிசோதித்து நோயைக் கண்டறியும் துறையில், நிபுணராகவும் இருக்க வேண்டும். ஷெரிஃபுக்கு அந்தத் தகுதி எதுவும் தேவையில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ, சான் பிரான்சிஸ்கோ, வென்ச்சுரா எல்லாம் மெடிக்கல் எக்ஸாமினர் இருக்கிற இடங்கள்.

ஆர்டினன்ஸ் ஒரே நாளில் நிறைவேறாது. ஒரு கூட்டத்தில் அறிமுகம் செய்வார்கள், குறைந்தது ஐந்து நாள் கழித்து இன்னொரு கூட்டத்தில் ஓட்டெடுப்பு, நிறைவேறினால் 30 நாள் கழித்து அமலுக்கு வரும். ஆகவே நீங்கள் பேச இரண்டு வாய்ப்பு கிடைக்கும், முதல் கூட்டத்தோடு விட்டுவிடாதீர்கள்.

அப்புறம்தான் ஆள் தேடும் படலம். பெரும்பாலும் ஆள் தேடித் தருகிற ஒரு நிறுவனத்தையோ கவுண்டியின் மனிதவளத் துறையையோ வைத்து நாடு முழுக்க விளம்பரம் கொடுப்பார்கள். வருகிற விண்ணப்பங்களை ஒரு குழு வடிகட்டும், அதில் பக்கத்துக் கவுண்டி டாக்டர், பொது சுகாதார அதிகாரி, சில இடங்களில் மாவட்ட வழக்கறிஞர் அலுவலக ஆள் என்று இருப்பார்கள். இரண்டு மூன்று பேர் போர்டு முன்னால் வருவார்கள். அந்த நேர்காணல் மூடிய கூட்டத்தில் நடக்கும், நிகழ்ச்சி நிரலில் 'பொது ஊழியர் நியமனம்' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். பிரவுன் சட்டம் என்று 1953இல் வந்த ஒன்று இருக்கிறது, கவுண்டிக் கூட்டங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பதற்கானது, அதிலேயே இந்த விலக்கும் இருக்கிறது. ஆனால் சம்பளத்தை மூடிய அறைக்குள் முடிவு செய்ய முடியாது, திறந்த கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன்னால் வெளியாக வேண்டும். மூடிய கூட்டத்துக்குள் போகும் முன்பும் பொதுமக்கள் அந்த வரியைப் பற்றிப் பேசலாம். பல பேருக்கு இது தெரியாது, மூடிய கூட்டம்தானே என்று எழுந்து போய்விடுவார்கள். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஏரிக்கரை எழுதியது:

நான் மிச்சிகன். இங்கே இந்த விவாதமே இல்லை, 1953இல் வந்த சட்டம் கொரோனர் பதவியை ஒழிக்கச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு கவுண்டியின் போர்டு ஆஃப் கமிஷனர்ஸும் ஒரு மெடிக்கல் எக்ஸாமினரை நான்கு வருடத்துக்கு நியமிக்கும். சிறிய கவுண்டிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒருவரையே வைத்துக்கொள்ளலாம், வடக்கே ஆள் குறைந்த இடங்களுக்கு அது பெரிய உதவி.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இங்கே சட்டம் கேட்பது உரிமம் பெற்ற டாக்டர் என்ற அளவுதான், ஃபாரன்சிக் பேத்தாலஜி, அதாவது சந்தேக மரணங்களை அறுத்துப் பார்த்து ஆராயும் பிரிவு, படித்திருக்க வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் விஸ்கான்சினில் மெடிக்கல் எக்ஸாமினர் டாக்டராக இருக்க வேண்டிய கட்டாயமே கிடையாது, நியமிக்கப்பட்டால் மெடிக்கல் எக்ஸாமினர், தேர்ந்தெடுக்கப்பட்டால் கொரோனர், அங்கே வித்தியாசம் அதுதான். மினசோட்டாவில் அதற்கு நேர் எதிர், ஃபாரன்சிக் பேத்தாலஜியில் சான்று பெற்றவராகவோ அதற்குத் தகுதியானவராகவோ இருந்தால்தான் அந்தப் பெயரே. ஆகவே பலகையில் என்ன பெயர் எழுதுகிறார்கள் என்பதை நம்பிவிடாதீர்கள், ஆர்டினன்ஸில் தகுதி என்ற பத்தியைப் படியுங்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

நான் பேத்தாலஜிஸ்ட். இப்போது மருத்துவமனையில், அதற்கு முன் ஆறு வருடம் ஒரு மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகத்தில் உதவி நிலையில் இருந்தேன். தென்னந்தோப்பு ஐயா சொன்ன முறை சரிதான், உள்ளிருந்து பார்த்ததைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

செங்காந்தள், உங்கள் கேள்வியில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. மரணக் காரணம் வேறு, மரண விதம் வேறு. காரணம் என்பது இதயத் தமனி அடைப்பு, தலையில் அடி, மருந்து அதிகமானது என்பது போன்றது. விதம் என்பது ஐந்து பெட்டிகள்: இயற்கை, விபத்து, தற்கொலை, பிறரால் நேர்ந்த மரணம், தீர்மானிக்க இயலவில்லை. உங்கள் மாதிரி கவுண்டியில் அறுத்துப் பார்க்கும் டாக்டர் காரணத்தைச் சொல்வார், எந்தப் பெட்டியில் டிக் போடுவது என்பதைக் கொரோனர், அதாவது ஷெரிஃப், முடிவு செய்வார். 2016இல் வந்த மாநிலச் சட்டம் டாக்டரைக் கலந்து பேச வேண்டும் என்கிறது, கடைசி வார்த்தை யாருடையது என்பதை மாற்றவில்லை. சாதாரண மரணங்களில் இதனால் பெரிய வேறுபாடு வராது. சிறையில் ஒருவர் இறந்தால், போலீஸ் பிடியில் ஒருவர் இறந்தால், அங்கேதான் சிக்கல். அந்தப் போலீஸும் ஷெரிஃபின் ஆட்கள், சிறையும் அவருடையது, டிக் போடுவதும் அவரே.

சான் வாக்கின் கவுண்டியில் இது வெடித்தது. 2017 கடைசியில் அங்கிருந்த இரண்டு ஃபாரன்சிக் பேத்தாலஜிஸ்ட்கள் ராஜினாமா செய்தார்கள், ஒருவர் பென்னட் ஒமாலு, அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைச் சிதைவைக் கண்டுபிடித்தவர். போலீஸ் சம்பந்தப்பட்ட மரணங்களில் ஷெரிஃப் தலையிடுகிறார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு, ஷெரிஃப் மறுத்தார். 2018இல் அந்தக் கவுண்டி போர்டு இரண்டையும் பிரித்து மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகம் கொண்டுவந்தது. அதே வருடம் பெரிய கவுண்டிகள் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் இப்படிச் சிக்கலான மரணங்களையாவது வேறு கவுண்டியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது, ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதனால்தான் இன்னும் ஒவ்வொரு கவுண்டியும் தனித்தனியாக இந்தச் சண்டையைப் போட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, இது எனக்கு நெஞ்சில் இருப்பது. ஆர்டினன்ஸ் நிறைவேறியதும் டாக்டர் வரிசையில் நிற்பார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்லூரி, மருத்துவம், பேத்தாலஜியில் மூன்று நான்கு வருடம், அதன்மேல் ஃபாரன்சிக் ஒரு வருடம். இவ்வளவும் படித்துவிட்டு மருத்துவமனைப் பேத்தாலஜிஸ்டைவிடக் குறைந்த சம்பளம். இந்த வேலையை முழுநேரமாகச் செய்கிறவர்கள் இந்த நாடு முழுவதும் சேர்த்து ஆயிரத்துக்கும் குறைவு. கவுண்டிகள் மூவாயிரத்துக்கு மேல். மெடிக்கல் எக்ஸாமினர்களின் தேசியச் சங்கம் ஒரு டாக்டர் வருடத்துக்கு 250 உடலுக்கு மேல் அறுக்கக் கூடாது என்கிறது, 325ஐத் தாண்டினால் அந்த அலுவலகத்தின் அங்கீகாரத்துக்கே ஆபத்து. நான் இருந்த இடத்தில் ஒரு வருடம் இருவர் விலகியதும் மிச்சம் இருந்தவர்கள் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டே ஓடினோம், அப்போது தாமதமான அறிக்கைகளில் ஏதோ ஒன்று உங்கள் அக்காவைப் போன்ற ஒருவருடையதாகத்தான் இருந்திருக்கும். நச்சுயியல் சோதனை வரவே வாரக்கணக்கு ஆகும், அது உண்மை, ஆனால் நான்கு மாதம் யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லாதது சோதனையால் அல்ல, ஆள் இல்லாததால்.

கடைசியாக ஒன்று, நியமனத்துக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது. 41 வயதில் தூக்கத்தில் இறந்து, அறுத்துப் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை என்றால், இதயத் துடிப்பின் பரம்பரைக் கோளாறாகவும் இருக்கலாம், அது உடலைப் பார்த்தால் தெரியாது, மரபணுவில்தான் தெரியும். இரத்த மாதிரி வைத்திருக்கிறீர்களா, மரபணுச் சோதனைக்கு அனுப்ப முடியுமா என்று அந்த அலுவலகத்துக்கு உடனே எழுத்தில் கேளுங்கள், மாதிரிகளை ஒரு காலத்துக்கு மேல் அழித்துவிடுவார்கள். குழந்தைகள் இருந்தால், அத்தானுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால், இதய மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள்.

மணல்மேடு எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஷெரிஃபைப் பிடிக்கவில்லை என்றால் நாலு வருடத்தில் ஓட்டுப் போட்டு இறக்கலாம். நியமிக்கப்பட்ட டாக்டரை மக்கள் எப்படி இறக்குவது? ஐந்து சூப்பர்வைசர்கள் சேர்ந்து தங்களுக்குப் பிடித்த ஆளைக் கொண்டுவந்து வைத்தால் அது மட்டும் சுதந்திரமா? நான் டெக்சாஸில் இருக்கிறேன், இங்கே மொத்தம் 254 கவுண்டி, அதில் மெடிக்கல் எக்ஸாமினர் இருப்பது பெரிய நகரங்கள் உள்ள சிலவற்றில்தான். மற்ற இடத்தில் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ், தேர்ந்தெடுக்கப்பட்ட சின்ன நீதிபதி, அவர்தான் வந்து பார்த்து போஸ்ட்மார்ட்டம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறார். வேண்டும் என்றால் உடல் மணிக்கணக்கில் காரில் வேறு கவுண்டிக்குப் போகும், செலவு அந்தச் சின்னக் கவுண்டியின் தலையில். மெடிக்கல் எக்ஸாமினர் உள்ள கவுண்டியில் கமிஷனர்ஸ் கோர்ட் நியமிக்கிறது, பெயர்தான் கோர்ட், உங்கள் போர்டு மாதிரி கவுண்டியை நிர்வகிக்கும் குழு அது, அவர்களுக்கு விருப்பம் உள்ள வரைக்கும்தான் பதவி, சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நுண்ணோக்கி எழுதியது:

மணல்மேடு கேட்டது நியாயமான கேள்வி. மிச்சிகன் நான்கு வருடம் என்கிறது, உங்கள் ஊரில் விருப்பம் உள்ள வரை. இரண்டும் நியமனம்தான், ஆனால் பிடிக்காத ஒரு முடிவை எழுதிய மறுநாள் அந்த டாக்டர் வேலையில் இருப்பாரா என்பதில் இரண்டும் ஒன்றல்ல.

லாஸ் ஏஞ்சல்ஸில் தாமஸ் நொகுச்சி 1967இல் தலைமை மெடிக்கல் எக்ஸாமினரானார், சுட்டுக் கொல்லப்பட்ட செனட்டர் ராபர்ட் கென்னடியின் உடலைப் பரிசோதித்தவர். 1969இல் கவுண்டி நிர்வாகம் அவரை வெளியேற்றப் பார்த்தது. அவருக்கு அரசுப் பணியாளர் பாதுகாப்பு இருந்ததால் ஆணையத்தில் முறையிட்டார், திறந்த விசாரணை நடந்தது, வேலை திரும்பக் கிடைத்தது. 1982இல் மறுபடி பதவி இறக்கினார்கள், அப்போது அவரால் திரும்ப வர முடியவில்லை. அவர் சரியா தவறா என்பது வேறு பேச்சு, ஒரு கவுண்டி அவரை நீக்க விரும்பியபோது காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது, எனக்கு அது முக்கியம்.

கவுண்டி போர்டின் கையிலேயே கொடுக்காமலும் சில மாநிலங்கள் செய்கின்றன. மேரிலாந்தில் 1939 முதல் ஒரு ஆணையம், அதில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மேரிலாந்து பல்கலைக்கழகம் இரண்டின் பேத்தாலஜித் துறைத் தலைவர்களும் இருக்கிறார்கள், மாநிலம் முழுமைக்கும் தலைமை மெடிக்கல் எக்ஸாமினரை அது நியமிக்கிறது. ஃப்ளோரிடாவில் மாநில ஆணையம் பெயர் கொடுக்க, ஆளுநர் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மூன்று வருடத்துக்கு ஒருவரை நியமிக்கிறார். அரசியல் எங்கேயும் முழுக்க விலகாது. ஆனால் ஷெரிஃபைத் தேர்தலில் மாற்றலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கவுண்டியில் ஓட்டுப் போடுகிறவர்களில் எத்தனை பேர் அவர் எழுதிய மரணச் சான்றிதழ்களைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள்? ஒஹையோவில் கொரோனர் தேர்தலில் நிற்கவே டாக்டராக இருக்க வேண்டும், அந்த அளவு கட்டுப்பாடு இருந்தும் க்ளீவ்லாண்ட் இருக்கிற கயஹோகா கவுண்டி மக்களே 2009இல் புதிய சாசனத்துக்கு ஓட்டளித்து, 2011 முதல் நியமிக்கப்படும் மெடிக்கல் எக்ஸாமினருக்கு மாறினார்கள்.

மணல்மேடு எழுதியது:

நொகுச்சி விஷயம் தெரியாது. நீக்கும்போது காரணத்தைத் திறந்த விசாரணையில் சொல்ல வேண்டும் என்றால் எனக்குச் சம்மதம். அது இல்லாமல் வெறும் நியமனம் என்றால் என் கருத்து அப்படியேதான்.

செங்காந்தள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டாக்டர், நீங்கள் கடைசியில் எழுதியதை நேற்று இரவே அக்காவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பிள்ளைகள், 9 வயதும் 6 வயதும். இன்று காலை மாதிரி பற்றிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டோம், குழந்தைகள் டாக்டரிடமும் நேரம் வாங்கியாகிவிட்டது. இதை யாரும் எங்களிடம் இதுவரை சொல்லவில்லை.

கூட்டம் அடுத்த செவ்வாய். பேச இரண்டு நிமிடம் தருவார்களாம். அக்கா அழுதுவிடுவேனோ என்று பயப்படுகிறாள், நான் பேசுகிறேன் என்றேன். இரண்டு நிமிடத்தில் எதைக் கேட்பது?

தென்னந்தோப்பு எழுதியது:

தங்கச்சி, அக்கா பேசட்டும். அழுதாலும் பரவாயில்லை. அந்த மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்த வரை, ஐந்து பேரும் கையில் இருக்கும் தாளிலிருந்து தலையைத் தூக்குவது நடந்ததைப் பட்டவர் சொல்லும்போதுதான். முதல் அரை நிமிடம் அக்கா, நான்கு மாதம் என்ன நடந்தது என்பது மட்டும். மிச்சம் நீங்கள். இரண்டு பேரும் தனித்தனிச் சீட்டு எழுதிக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியதை நான் இப்படிச் சொல்வேன். மரண விதத்தை முடிவு செய்வது டாக்டர்தான் என்று ஆர்டினன்ஸில் எழுதுவீர்களா? பதவிக் காலம் எத்தனை வருடம், இடையில் நீக்கினால் காரணம் சொல்ல வேண்டுமா? ஃபாரன்சிக் பேத்தாலஜியில் சான்று பெற்றவர் என்பது கட்டாயமா? தலைவரைத் தவிர எத்தனை டாக்டர் பணியிடத்துக்குப் பணம் ஒதுக்குகிறீர்கள்? இந்த நான்காவதை விடாதீர்கள், ஆர்டினன்ஸைப் பெருமையாக நிறைவேற்றிவிட்டு பட்ஜெட்டில் ஒற்றை ஆளுக்கு மட்டும் பணம் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன், ஆள் கிடைக்கும் வரை 'தற்காலிகம்' என்று வருடக்கணக்கில் இழுக்கும். அப்புறம், விசாரணை அதிகாரிகள் யாருக்குக் கீழே வருவார்கள் என்றும் கேளுங்கள். டாக்டர் தனி, ஆனால் வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் இன்னமும் ஷெரிஃபின் சம்பளத்தில் என்றால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

பேசுவதையே எழுத்திலும் கொடுங்கள், கூட்டத்துக்கு முந்தின நாள் மாலைக்குள் போர்டு குமாஸ்தாவுக்கு அனுப்பினால் அது கூட்ட ஆவணத்தில் சேரும், சூப்பர்வைசர்களின் கைக்கும் முன்கூட்டியே போகும்.

ஏரிக்கரை எழுதியது:

குடும்பத்தோடு பேசுவதற்கு என்றே ஒரு ஆள் வேண்டும் என்பதையும் சேருங்கள். எங்கள் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் துக்கம் நடந்தபோது விசாரணை அதிகாரியே தன் பெயர், எண் எழுதிய அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார், கடைசி வரை அவரிடம்தான் பேசினார்கள். பெரிய செலவில்லை.

செங்காந்தள் எழுதியது:

சேர்த்துவிட்டேன். அக்கா பேசுகிறேன் என்று சொல்லிவிட்டாள், எழுதியும் வைத்திருக்கிறாள், ஒன்றேகால் நிமிடம் வருகிறது. செவ்வாய் இரவு வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.